விண்ணைத் தாங்கிய பொற்பூ

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எழுத்தர் சங்கத்தின் முதல்வரே! இறகு பிடித்தே விரல் வளைந்த பெரியோர்களே! ஆட்டுத்தோலைச் சுரண்டிச் சுரண்டி வெண்தாளாக்கித் தரும் தாய்மார்களே! ஃபுளோரன்ஸின் கையெழுத்தெல்லாம் கூடியிருக்கும் இம்மன்றத்துக்குக் குற்றவாளி நோஃப்ரியின் வணக்கம்.

குற்றவாளியா என்று முன்வரிசை முணுமுணுக்கிறது. ஆம் ஐயா, சொல்கிறேன்.

கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியரிடம் வீழ்ந்த அன்று பொன்னை விட்டார், பொருளை விட்டார், பிறந்த வீட்டையும் விட்டார். ஒரே ஒரு புத்தகத்தை மார்போடு அணைத்து நம் ஊர் வந்தார் லியோன்டியோஸ். வானம் எப்படிச் சுழல்கிறது, அதை எது தாங்குகிறது என்று பண்டைக் கிரேக்கர் எழுதிய நூல் அது. உலகில் வேறு படி கிடையாது. அவர் லத்தீனில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். லத்தீனுக்குள் அடங்காத சொல் வந்தால், "இடம் விடுப்பா, அப்புறம் நானே கிரேக்கத்துல எழுதுறேன்" என்பார். நமக்குக் கிரேக்கம் ஏது? பதினோரு இடம் விட்டேன்.

இடையில் புத்தகத்தை என்னிடம் விட்டு வெனிஸ் போன லியோன்டியோஸ் காய்ச்சலில் விழுந்தார், ஓராண்டு ஓடியது. நூலைக் கேட்ட கோமானுக்கோ அவசரம். வெற்றிடம் கண்ணை உறுத்துகிறது என்றார். ஓவியர் வந்தார். பதினோரு இடத்திலும் பதினோரு பொற்பூ! பார்த்தவரெல்லாம் பரவசப்பட்டார்கள். பாவி, நானும்தான் பரவசப்பட்டேன்.

அடுத்து நூலுக்கு அட்டை கட்டும் மாசோ வந்தார். அட்டை தடிக்க உள்ளே ஒட்டப் பழந்தாள் இல்லையாம். என் மேசையில் கிடந்த கிரேக்கப் புத்தகத்தைக் காட்டி, இது இனி உங்களுக்குத் தேவையா என்று கேட்டார். நான் சொன்ன பதிலை மன்றம் கேட்கட்டும்: "அதான் லத்தீன் வந்தாச்சே, எடுத்துக்குங்க."

சிரிக்காதீர்கள், பின்வரிசை நண்பர்களே. உங்கள் நூல்களின் அட்டைக்குள் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா?

வெற்றிடம் தாளில்! அதற்குரிய சொல் அதே நூலின் அட்டைக்குள்! திரும்பி வந்த லியோன்டியோஸ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சொற்கள் நினைவில்லையா என்று கேட்டேன். "நெஞ்சுலதான் இருந்துச்சு நோஃப்ரி. புத்தகம் பத்திரமா இருக்குன்னு நெஞ்சு விட்ருச்சு" என்றார்.

அட்டையை அறுக்க அனுமதி கேட்டுக் கோமான் வாசலில் எத்தனை நாள் நின்றேன்! நூலகக் காவலர் சிவப்புப் பட்டு உறையைத் தடவிக்கொண்டே, "பூ நல்லாத்தானே இருக்கு? யாரு வாசிக்கப் போறா?" என்றார். அனுமதி வரவில்லை. பூப்போட்ட அந்த நூலைப் பார்த்துப் பன்னிரண்டு படிகள் எடுக்க உத்தரவுதான் வந்தது. நம் சங்கத்துக்குத்தான் வந்தது.

சென்ற வியாழன் லியோன்டியோஸ் மறைந்தார். கடைசியாக, அவர் சொல்ல நான் முதலில் எழுதிய வரைவிலிருந்து வாசிக்கச் சொன்னார். 'விண்ணைத் தாங்கி நிற்பது' என்று வாசித்து, வெற்றிடத்தில் நின்றேன்.

"மேல வாசிப்பா" என்றார்.

எதை வாசிப்பேன்? எந்தச் சொல்லை வாசிப்பேன்? நூலில் அங்கே இருக்கும் பூவையா வாசிப்பேன்?

எழுத்தர்களே, பன்னிரண்டு படியிலும் பூ வேண்டாம். வெற்றிடத்தை வெற்றிடமாக விடுங்கள் என்று கேட்கத்தான் மேடையேறினேன். விடுவீர்களா? மாட்டீர்கள். கோமான் பூக் கேட்டால் நாம் பூத்தான் கொடுப்போம், நானும் கொடுப்பேன். என் பங்குப் படியில் நேற்று அந்த வரிக்கு வந்தேன். இடம் விட்டிருக்கிறேன். நாளை காலை ஓவியர் வருகிறார்.

அதுவரையாவது அந்த இடம் லியோன்டியோசுக்கு உரியது. பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.