கொதிகலனுக்குள் ரிஃபத்

ஹலோ... ஹலோ, நக்வா? ... கேக்குது, கேக்குது. கத்தாத, மெதுவா பேசு. சுத்தி இரும்பு, எல்லாம் எதிரொலிக்குது...

ஆமா. பாய்லருக்குள்ளதான். காலையில சோதனை பண்ண இறங்கினவன், இன்னும் ஏறல... இல்ல, யாரும் பூட்டல. நானாத்தான் உட்கார்ந்திருக்கேன். ஆள் இறங்கற இந்த ஓட்டைப் பக்கமா இருந்தாத்தான் சிக்னலே வருது.

... பைத்தியமா? யாரு சொன்னா, மேனேஜர் ஷவ்கத்தா? ... அவரே வீடு தேடி வந்துட்டாரா? பக்கத்துலயே இருக்காரா... சரி. சரி, டீ குடு. குடிக்கட்டும்.

கேளு... நக்வா, சொல்றதக் கேளு. குழாய்க்குள்ள விட்டுப் பார்ப்பேனே, நுனியில விளக்கு வச்ச நீளக் கண்ணாடிக் குழல், அதுல பார்த்தேன். ஏழாவது குழாயில விரிசல். வெறும் கண்ணுக்கு முடி கனம்கூட இருக்காது. கண்ணாடியில வாயைப் பிளந்துகிட்டு நிக்குது... சொன்னேன். அவர்கிட்ட சொன்னேன்மா. கரும்பு வேகன் மில் வாசல்ல காயுது, பாய்லர் நல்லா இருக்குன்னு கையெழுத்தைப் போட்டுட்டுப் போன்னாரு. போட மாட்டேன்னேன். நீ போடலன்னாலும் பத்த வைப்பேன்னாரு. நான் என்ன செய்யறது? உள்ள ஆள் இருந்தா பத்த வைக்க முடியாதுல்ல...

தெரியும்... தெரியும், கம்பெனி வீடு. ... ஆமா, பிள்ளைங்க படிக்கிறதும் கம்பெனி ஸ்கூல்தான். நான் யோசிக்காமலா இருக்கேன்? ... காலை நீட்ட இடமில்ல. முந்தாநேத்து அணைச்சது, இரும்பு இன்னும் சுடுது. வேர்த்து ஊத்துது.

... வரமாட்டேன். வல்லாஹி, அல்லா மேல சத்தியமா வரமாட்டேன். கெய்ரோவுல பாய்லர் சோதனை ஆபீசுக்குச் சொல்லியாச்சு, அவங்க ஆளு சாயங்கால ரயில்ல பார்க்க வர்றாரு. அதுவரைக்கும் இங்கதான்.

அழாத... இந்தா, ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு பாய்லர் அடுப்பு வாசல்ல யாரு ஷிப்ட்டு? ... ஆமா. உன் தம்பி ஹில்மிதான். குழாய் வெடிச்சா கொதிக்கிற தண்ணி முதல்ல அவன் மூஞ்சியிலதான்... அதை மட்டும் அவரு சொல்லலியா?

நக்வா? ... அவர்கிட்டயே கேக்கறியா? கேளு.

இரு, இரு. ஓட்டைக்குள்ள யாரோ தலையை விடுறாங்க... ஹில்மிதான். என்னை வெளிய இழுத்துட்டு வரச் சொன்னாங்களாம்... போனை வைக்காத. டேய், கையைப் பிடிக்காதடா. முதல்ல இந்தக் குழல்ல கண்ணை வை. அப்படி இல்ல, லேசா இடது பக்கம் திருப்பு... தெரியுதா?

... ஆமா நக்வா, விரிசலைத்தான். பார்த்துகிட்டே இருக்கான்...

இன்னும் பார்க்கறான்...

கண்ணை எடுத்துட்டான். என்னடா? ... பூட்ஸைக் கழட்டறான். சரி வா, நகர்ந்துக்கறேன். தலையில இடிச்சுக்காத.

நக்வா, அவர்கிட்ட போனைக் குடு... குடும்மா...

சார், ரிஃபத் பேசறேன்... ஆமா, வந்தான்... இல்ல சார், என்னை வெளிய கொண்டுவரல. பக்கத்துல உட்கார்ந்திருக்கான். இப்ப உள்ள ரெண்டு பேரு.

... ஹலோ? ...

ஹில்மி, வச்சுட்டாருடா.