மரத்தில் சில திருத்தங்கள்

காலையில் காபி குடித்ததும் நான் செய்கிற முதல் வேலை செத்தவர்களைச் சரிபார்ப்பது. செய்தித்தாளை அதற்குப் பிறகுதான் தொடுவேன்.

பயந்துவிட வேண்டாம். பெங்களூரில் இருக்கிற என் தம்பி மகன் பிரபாகர் எங்கள் கூட்டத்தின், அதாவது எங்கள் குலப்பிரிவின், வம்சாவளியை இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான். ஒரு பெயரைத் தொட்டால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று கிளை பிரியும். இரண்டு பெயர்களைத் தேர்ந்தெடுத்து 'உறவு' என்ற பொத்தானை அமுக்கினால், இன்னார் இன்னாருக்கு என்ன முறை என்று அதுவே சொல்லிவிடும். எங்களோடு பெண் கொண்டு கொடுத்த மற்றக் கூட்டத்தாரும் சேர்ந்துகொண்டதில், சேலத்திலிருந்து நாமக்கல் வரை பாதிச் சனம் அதற்குள் வந்துவிட்டது. பிரபாகருக்குச் சீக்கிரமே சலித்துப்போனது. "நீங்களே பாத்துக்கங்க பெரியப்பா, உங்களுக்குத்தான் பொறுமை சாஸ்தி" என்று திருத்தும் உரிமையை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவன் நான். கதவு அரை விரல் தள்ளி நின்றாலும் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் கைக்கு வந்த இந்த வம்ச மரத்தில் எங்கே தொட்டாலும் தப்பு. ஒருத்தி தான் பிறப்பதற்கு முன்பே பிள்ளை பெற்றிருந்தாள். ஒருவர் தன் மனைவிக்கே மகனாக இருந்தார். நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியில் கல்லுப்போல உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிற அப்புசாமி அண்ணனை இறந்தவராகப் போட்டிருந்தார்கள். அவரே போன் செய்தார்.

"ஏந்தம்பி, நான் செத்துப்போயிட்டனாமா?"

"பிரபாகர் போட்டதுங்கண்ணா. இப்பவே எடுத்துடறேன்."

"சீக்கிரம் எடு சாமி. பேரன் பாத்துப்போட்டு, அப்ப மண்டிச் சாவி யாருக்குன்னு கேக்கறான்."

எடுத்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மனிதருக்கு உயிர் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் சௌந்தர்யா ராசிபுரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். என் மனைவி ராஜம்மாள் காலமான பிறகு புதுச்சத்திரத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும், கல்லூரியில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவாள். உப்பு கூடிப்போச்சு என்பேன். இல்லவே இல்லை என்பாள். எனக்கு அது வேண்டும். அதற்கு மேல் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

அவளுக்கு வரன் பார்க்கிற வேலையை ராஜம்மாளின் அண்ணன் வெங்கடாசலம் எடுத்துக்கொண்டார். முதலில் கொண்டுவந்தது நந்தகுமார் என்ற பையனை. மரத்தில் பார்த்தேன். அவன் தாத்தா எங்கள் கூட்டத்தில் பிறந்து வேறு கூட்டத்துக்குத் தத்துப்போனவர்; அது ஊரறிந்த விஷயம், பிரபாகர் ஏற்றாமல் விட்டிருந்தான். எங்களில் ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பையன் பெண்ணுக்கு அண்ணன் தம்பி. தத்துப்போன வம்சமென்றால் பிறந்த கூட்டத்தையும் பார்க்க வேண்டும், போன கூட்டத்தையும் பார்க்க வேண்டும். விட்டுப்போனதைச் சேர்த்தேன், பேச்சு நின்றுவிட்டது. யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை. பையனின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். பெண்ணைப் பிடிக்கவில்லை என்றோ பையன் சரியில்லை என்றோ ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு சம்பந்தம் இத்தனை மரியாதையாக முறிந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்து வந்தவன் சேலத்து ரமேஷ்குமார். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான பையன். சௌந்தர்யாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். கல்லூரிக் கதையெல்லாம் அவனுக்குப் போயிற்று. எனக்குச் சோறு மட்டும் வந்தது. உப்பு கூடிப்போச்சு என்றேன், "சரிங்கப்பா" என்றாள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

மரத்தை எடுத்து ரமேஷ்குமாரின் கிளை முழுவதையும் தேடினேன். தப்பே இல்லை. தப்பில்லாத குடும்பம் எனக்கு என்றைக்குமே சந்தேகம்தான். அவன் தாத்தாவின் அப்பா மருதாசலம் என்பவருக்கு மட்டும் அப்பா பெயர் போடாமல் விட்டிருந்தார்கள். காலி இடமும் ஒரு பிழைதானே. அந்த இடத்தில் என் தாத்தாவின் அப்பா பெயரைப் போட்டேன். என் தாத்தாவுக்குத் தம்பியாகப் பிறந்து, சின்ன வயதிலேயே அந்தக் கூட்டத்துக்குத் தத்துப்போனவர் என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். ஆதாரம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். மறுப்பவர் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்பேன்.

வெங்கடாசலம் பொத்தானை அமுக்கினார். 'சகோதரர்' என்று வந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்ததை நிறுத்தினார்கள். அன்றைக்கு ரமேஷ்குமார் போனில் தடுமாறினான்.

"மாமா... இனிமே உங்கள எப்படிக் கூப்புடறதுங்க?"

"பெரியப்பான்னு கூப்புடு சாமி" என்றேன்.

சௌந்தர்யா என் முன்னால் அழவில்லை. கொஞ்ச நாளில் மாடிக்குப் போவது நின்றது. தை மாதம் ரமேஷ்குமாருக்கு வேறு இடத்தில் கல்யாணம் கூடியது. அவனுக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி கூறைப்புடவைக் கூடையோடு அவன் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்ய வேண்டும். புதிதாகக் கிடைத்த பங்காளி நான். என் மகளைக் கேட்டார்கள். நான்தான் சம்மதம் சொன்னேன். முறை என்றால் முறை. பட்டுப்புடவை கட்டி, கூடையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். மண்டபத்தில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பந்தியில் பருப்பு நன்றாக இருந்தது.

என் குட்டு வெளிப்பட்டது பேராசையால் அல்ல, அவசரத்தால். வெங்கடாசலம் மூன்றாவதாக ஒரு பையனைக் கொண்டுவந்தார், குமரன். ராஜம்மாளின் பெரியப்பா பேரன். சௌந்தர்யாவுக்கு மாமன் மகன் முறை. முறையில் குற்றம் சொல்லவே முடியாது. எனக்குக் கை பரபரத்தது. அவன் தாத்தாவின் அப்பாவையும் என் தாத்தாவுக்கு இன்னொரு தம்பியாக்கிவிட்டேன். பையனுக்கும் பெண்ணுக்கும் அமுக்கிப் பார்த்தேன். 'சகோதரர்'. திருப்தியாகப் போய்க் குளித்தேன். அந்தப் பெரியவர் ராஜம்மாளுக்கும் தாத்தா என்பது தலையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் உறைத்தது.

ஈரத்தோடு ஓடிவந்து அதையும் சரிசெய்தேன். ராஜம்மாள் அந்த வீட்டில் பிறந்தவள் அல்ல, வேறு கூட்டத்திலிருந்து தத்து வந்தவள் என்று மாற்றினேன். பிழையை அரைகுறையாக விடுகிற ஆள் நான் இல்லை.

ஆனால் சௌந்தர்யா முந்திக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் போகும்போது அம்மா படத்தைப் பார்க்க மரத்தைத் திறந்தாளாம். கல்லூரிக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மா உங்களுக்கு என்ன முறைங்க?"

"இதென்ன கேள்வி சாமி?"

"காலைல பாத்தப்பத் தங்கச்சின்னு இருந்துச்சு. இப்பப் பாத்தா அவங்கள யாரோ பெத்து யாருக்கோ தத்துக் குடுத்துட்டாங்க. அந்த யாரோ எங்கம்மாவப் பெத்தப்ப நீங்க கூட இருந்து பாத்தீங்களா?"

யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்பதையெல்லாம் அந்த மரம் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. பிரபாகர் சொல்லவில்லை. அவள் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். மருதாசலத்தில் வந்து நின்றாள்.

"இது நெசமுங்களா?"

பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இல்லை என்றேன். அவர் எந்த வீட்டில் பிறந்தாரோ எனக்குத் தெரியாது என்றேன். நீ மாடிக்குப் போய்விட்டால் கீழே நான் யாரோடு பேசுவது என்றும் கேட்டேன். அது நியாயமான கேள்வி, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"என்னையக் கூடை புடிக்க வெச்சீங்களேப்பா" என்றாள். எழுந்து உள்ளே போனாள். நான் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு வெங்கடாசலம் வந்து கத்திவிட்டுப் போனார். பிரபாகர் உரிமையைப் பிடுங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான், இன்னும் செய்யவில்லை. அவனுக்கு எதற்கும் நேரம் கிடையாது. சௌந்தர்யா ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அவளாகவே பேசினாள்.

"நாளைக்கு ரிஜிஸ்தர் கல்யாணமுங்க. கூட வேலை பாக்கற தமிழரசு. ஆத்தூருக்கு அந்தப் பக்கம். அவங்களுக்குக் கூட்டமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. உங்க மரத்துலயே இல்லாத ஆளுங்கப்பா."

நான் கோபப்படவில்லை. தடுக்கவும் இல்லை. அவள் சந்தோஷத்தைத் தவிர எனக்கு வேறென்ன வேண்டும்? பெட்டியைத் தூக்கிப்போய் ஆட்டோவில் நானே வைத்தேன்.

"நல்லா இரு. அவரோட தாத்தா பேர மட்டும் சொல்லீட்டுப் போ சாமி" என்றேன். "உன்ற நல்லதுக்குத்தான் கேக்கறேன்."