வாளைக்கு ஏற்ற தாங்கி

படகில் தூண்டில் கோலை நிறுத்தி வைக்க ஒரு தாங்கி வேண்டுமென்றால், எந்த மீனுக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும் ஐயா. அதைக் கேட்காமல் வாங்குகிறவர்கள்தான் பிறகு கஷ்டப்படுகிறார்கள்.

கெண்டைக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கூச்சமுள்ள மீன் அது. இரையை முகர்ந்து, யோசித்து, அப்புறம்தான் வாயில் வைக்கும். கவட்டை மாதிரி வளைத்த கம்பி ஒன்று படகின் விளிம்பில் இருந்தால் போதும். விரால் வெடுக்கென்று கவ்வும், வெடுக்கென்று துப்பும். அதற்கு வாய் அகன்ற தாங்கி வேண்டும். நினைத்த மாத்திரத்தில் கோலை உருவ முடிய வேண்டும். கனமான இரும்புப் பைப்பு வாளைக்குத்தான். அதையும் படகின் நடுப்பலகையில் பூட்ட வேண்டும். விளிம்பில் பூட்டினால் மீன் இழுக்கிற பக்கம் படகு சாயும். தாங்கி எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறது என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். எப்போது விடும் என்று பார்ப்பதில்லை.

இதெல்லாம் ஒரு பொம்பளைக்கு எப்படித் தெரியும் என்று உங்கள் முகம் கேட்கிறது. வில்லியனூர் கடைத்தெருவில் இருக்கிற இரும்புக் கடை என் அப்பா எனக்கு விட்டுப்போனது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், பல வருஷம் நானே தாங்கியாக இருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஏகநாதனுக்கு, பிரான்சில் இருக்கிற அவர் அண்ணன் ரீல் வைத்த தூண்டில் கோல்கள் இரண்டும், முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும் அனுப்பினார். அன்றிலிருந்து கடை மூடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஊசுட்டேரிக்குப் போவோம். அவர் படகின் முன்பக்கம் உட்கார்ந்து டிரான்சிஸ்டர் கேட்பார். நான் பின்பலகையில் கைக்கு ஒன்றாக இரண்டு கோலையும் பிடித்துக்கொண்டு இருப்பேன். வீட்டிலும் கடையிலும் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பின்பலகையில் யாரும் கேட்கமாட்டார்கள். தூண்டில் நரம்பு வழியாக மீன் மட்டும் பேசும். விரலில் வந்து தொடுகிற விதத்தை வைத்தே கெளுத்தியா வாளையா என்று எனக்குத் தெரிந்துவிடும். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் இருந்தேன் என்று சொல்லலாம். இதை எழுத வேண்டாம், வழக்குக்கு உதவாது.

ஒருநாள் என் கையில் ஒரு பெரிய வாளை மாட்டியது. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து ஏற்றினேன். கரையில் அதை அவர் தூக்கிக்கொண்டு நின்றார். அடுத்த வீட்டுச் சேதுராமனும் அவர் பெண்சாதி பவுனம்மாளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சேதுராமனும் புதிதாகப் படகு வாங்கியிருந்த நேரம்.

"அண்ணி புடிச்சதா?" என்று கேட்டார் சேதுராமன்.

"இவளா? இவ சும்மா கோலப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தாபா. வர வர கை வேற நடுங்குது. இந்த வேலைய ஒரு இரும்புத் துண்டு செஞ்சிட்டுப் போவுது. இரும்புன்னா வெத்தல கேக்காது, இடுப்பு வலிக்குதுன்னு மொனகாது."

"இன்னாக்கா, அண்ணன் உன்ன தள்ளி வெச்சிட்டு இரும்பக் கட்டிக்கப் போறாராம்" என்றாள் பவுனம்மாள்.

சேதுராமன் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இவளுக்கு அந்த இரும்பு அளவுக்குக்கூட மூள கெடையாது" என்று பவுனம்மாளின் தலையில் தட்டினார். கொஞ்சம் ஓங்கியேதான் தட்டினார். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிடுவதுதான் எங்களுக்குப் பழக்கம்.

அன்று வீட்டில் சோறு போடும்போது சொன்னார். "உன் கடையில நல்ல பைப்பா பாத்து நீயே ஒண்ணு செஞ்சி குடுடி. கெட்டியா இருக்கணும். பிரான்சு கோலு, தண்ணியில போயிடக்கூடாது. செத்தாலும் வுடக்கூடாது."

செத்தாலும் விடக்கூடாது என்பது அவர் வார்த்தை. குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபமில்லை. கோபம் இருந்தால் ஏதாவது மட்டமான பைப்பைக் கொடுத்திருப்பேன். கடையில் இருந்ததிலேயே தடிமனானதை எடுத்தேன். வெல்டிங் பட்டறை இன்னாசிமுத்துவிடம் கொடுத்து, குறுக்கே துளை போடச் சொன்னேன்.

"தொள எதுக்கும்மா?"

"போல்ட்டு போட. கோலு நழுவக்கூடாதாம்."

"அப்பறம் அவசரத்துக்குக் கோல எப்பிடி எடுப்பாரு?"

"ஸ்பேனர் இருக்குதுல்ல" என்றேன். அவனை விட்டுவிடுங்கள். கேட்க வேண்டியதை அவன் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் படகின் விளிம்பில் நானே தாங்கியைப் பூட்டினேன். ஒரு கோலை மட்டும் செருகிப் போல்ட்டை முறுக்கினேன். விளிம்பில்தான் வைக்க வேண்டுமென்று அவர் சொன்னாரா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவர் எங்கே என்று சொல்லவில்லை. கெட்டியாக என்று மட்டும்தான் சொன்னார்.

"நீ கரையிலயே இருடி, எடம் பத்தாது" என்று சொல்லிவிட்டு, பின்பலகையில் நான் உட்காருகிற இடத்தில் டிபன் கேரியரை வைத்தார். பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் மதகுப் படியில் உட்கார்ந்தேன்.

அவர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். கோல் வளைந்தபோதே வாளை என்று தெரிந்துவிட்டது. கரையில் இருந்த என் விரல்கள் தானாக மடங்கின. அவர் கோலை உருவப் பார்த்தார். அது வரவில்லை.

"கோகிலா, ஸ்பேனர எங்கடி வெச்ச?"

என் இடுப்பில் செருகியிருந்தேன். "அங்கதான் இருக்கும், பாருங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். மீன் இழுத்த பக்கமே சாய்ந்து, இரண்டு கையாலும் கோலைப் பிடித்து இழுத்தார். படகு ஒருக்களித்துக் கவிழ்ந்தது. அவருக்கு நீச்சல் தெரியும். பூட்ஸுக்குத் தெரியாது. தண்ணீர் நிரம்பிய அந்தக் காலோடு எப்படியோ மதகுப் பக்கம் வந்துவிட்டார். அதுவரைக்கும் வருவார் என்று நான் நினைக்கவில்லை. மூங்கில் கழி என் காலடியில் கிடந்தது. அவர் கையை நீட்டினார். பிடிக்கிற வேலைக்கு நான் வேண்டாமென்று முடிவு செய்திருந்தவர், என்னைப் பார்த்துத்தான் நீட்டினார்.

நான் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவிழ்ந்த படகில் அது ஒரு நூலிழைகூட அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாடைக் காற்று படகைப் படிக்கு ஒதுக்கியது. ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றிக் கோலைக் கையில் எடுத்தேன். வாளை இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருந்தது. அவசரப்படாமல் விட்டுப் பிடித்துக் கரையேற்றினேன். போன தடவை பிடித்ததைவிடப் பெரிய மீன். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். என் கை நடுங்கவேயில்லை ஐயா. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

தப்பு என்று பார்த்தால், அவர் கேட்டதைக் கேட்டபடியே செய்ததுதான்.

நேற்று பவுனம்மாள் துக்கம் விசாரிக்க வந்தாள். நிறைய அழுதாள். கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள்: "எக்கா, அந்தத் தாங்கி மாதிரி எங்க வூட்டுக்காரருக்கும் ஒண்ணு செஞ்சி தர்றியா?"

எந்த மீனுக்கு என்று நான் கேட்கவில்லை.