சவுண்டு எங்க போச்சு

இல்லைங்க மேடம், அந்த இடது காது மெஷினையும் ஒரு தடவை பாத்துடுங்களேன். ரெண்டும் நல்லா இருக்கா. சார்ஜும் நிக்குதா. சரி. அப்ப மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைன்னு எழுதிடுவீங்க. கொஞ்சம் இருங்க, உடனே எழுதிடாதீங்க. கோளாறு இல்லைன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன். நாலு நாளா எங்கண்ணன் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. எப்படியாவது மறுபடி மாட்ட வைக்கணும். அதுக்கு உங்ககிட்ட ஒரு உதவி வேணும். கேக்கக் கூடாத உதவி, அதான் சுத்தி வளைச்சுக்கிட்டு இருக்கேன்.

கதவு திறந்தே இருக்கட்டும், பரவால்ல. அவரு வெளியில நாற்காலியிலதான் உக்காந்திருக்காரு, நாம பேசறது கேக்காது. தகரப் பட்டறையில முப்பது வருஷம் பிரஸ் மெஷின் பக்கத்துல நின்ன காதுங்க அது. கிட்டப் போய்க் கத்தினா ஏதோ சத்தம்னு தெரியும், என்ன பேச்சுன்னு தெரியாது. கல்யாணம் பண்ணிக்கலை. பட்டறையை விட்டதுலருந்து எங்க வீட்லதான் இருக்காரு.

நான் சோபா தைக்கிறவன். ஆனா எங்க தெருவுல சோபாக்காரர்னு சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது, சவுண்டு சர்வீஸ்னு கேளுங்க, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடுவாங்க. யார் போன்ல சத்தம் வரலைன்னாலும் என்கிட்டதான் வருவாங்க. எல்லாம் நானாக் கத்துக்கிட்டதுதான். பத்துல எட்டு வீட்லயே சரியாயிடும் மேடம். முதல்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். அப்புறம் கவரைக் கழட்டணும், பாதி நேரம் அந்தக் கவரே ஓட்டையை மூடிக்கிட்டு இருக்கும். கீழ இருக்கற சின்ன ஓட்டையில பஞ்சும் அழுக்கும் அடைச்சிருக்கும், காஞ்ச டூத் பிரஷ்ஷால லேசா தேய்க்கணும். ஊசி போடவே கூடாது. ஊசி போட்டு உள்ள இருக்கற வலையைக் கிழிச்சுட்டு, ஒண்ணும் பண்ணலையேன்னு மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. என் வீட்டுக்காரிக்கு இந்தப் பெருமையெல்லாம் பிடிக்காது. ஊர்ல இருக்கற போனையெல்லாம் பேச வைக்கிறீங்க, வீட்ல இருக்கற மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்கன்னு சொல்லுவா. அவ சொல்றது நியாயந்தான்.

வர்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன். ஒவ்வொண்ணா செஞ்சு பாக்கறப்ப, ஒவ்வொரு தடவையும் சத்தம் வருதான்னு போட்டுப் பாக்கணும் இல்லையா. எல்லாரும் பாட்டுப் போடுவாங்க. அது தப்பு. பாட்டுல லேசா கரகரன்னு வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நம்ம குரலைத்தான் போடணும், அது எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும்ல. அடுத்தவங்க போன்னா ஒண்ணு ரெண்டு மூணுன்னு பேசிப் பதிஞ்சு போடுவேன். என் போன்ல எதுக்குப் பதியணும், நான் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் நிறையக் கிடக்குமே.

போன வாரம் ஒரு நாள் காலையில நீங்கதானே அவருக்கு மெஷின் மாட்டி விட்டீங்க. அண்ணன்கிட்ட பட்டன் போன்தான் இருக்குன்னு, சத்தம் கூட்டிக் குறைக்கிற ஆப்பை என் போன்ல ஏத்தி, மெஷினை என் போனோட சேத்துக் குடுத்தீங்க. ஐயோ, உங்க மேல தப்புச் சொல்லலைங்க. நீங்க எல்லாம் விளக்கமாத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியாததான்னு நான்தான் தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பஸ்ல அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி வந்தாரு. பக்கத்துல ஒருத்தர் பேப்பர் திருப்பற சத்தம் கேட்டு, எட்டிப் பாத்துச் சிரிச்சாரு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா. இறங்கற இடம் வந்ததும் தோளைத் தட்டிக் கையால சைகை காட்டினேன். பழக்கதோஷம். வீட்டுக்கு வந்து, சாப்பிட வாங்கன்னும் கையைத்தான் காட்டினேன். வீட்டுக்காரி வேலைக்குப் போயிருந்தா, நாங்க ரெண்டு பேருதான். அவரு மெஷின் போட்டிருக்காரு, வாயைத் திறந்து சொல்லலாம்னு எனக்குத் தோணவே இல்லை மேடம்.

சாப்பிட்டு முடிச்சு அவரு துணி தேய்க்க நின்னாரு. எங்க வீட்டுத் துணி மொத்தமும் அவருதான் தேய்ப்பாரு. நான் நாலடி தள்ளி மேஜையில உக்காந்து போனை எடுத்தேன். ஒரு வீடியோ போட்டா சத்தம் இல்லை. சவுண்டு சர்வீஸ்காரன் போன்லயே சவுண்டு இல்லைன்னா எப்படி இருக்கும். மானப் பிரச்சனை ஆயிடுச்சு. மெசேஜ் ஒண்ணைத் தேடினேன். தங்கச்சிக்கு ரெண்டு மாசம் முன்னாடி அனுப்பினது, நீளமானது, நல்லா உரக்கப் பேசினது. அதைப் போட்டேன். வரலை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணி அதையே போட்டேன். கவரைக் கழட்டிட்டுப் போட்டேன். பிரஷ் எடுத்துத் தேய்ச்சுட்டுப் போட்டேன். சத்தத்தை முழுசா ஏத்தி வச்சுட்டேன் வேற. மொத்தம் ஏழு தடவை இருக்கும்.

அடுத்தவங்க போன்னா நான் முதல்ல கேக்கற கேள்வியே, புளூடூத்ல எதுவும் மாட்டியிருக்கான்னுதான். அன்னிக்கு என்னை நானே கேட்டுக்கலை. மாட்டிக்கற ஹெட்போன் எதுவும் என்கிட்ட இல்லையே. காது மெஷினும் அதே ஜாதிதான்னு புத்தியில ஏறலை.

கருகற வாசனை வந்துது. திரும்பிப் பாத்தா, அவரு அயர்ன் பாக்ஸை என் சட்டை மேல வச்சபடி அசையாம நிக்கறாரு. கத்தினேன் மேடம். கவனத்தை எங்க வச்சிருக்கீங்க, ஒரு சட்டை தேய்க்கத் துப்பில்லையான்னு கத்தினேன். அவரு சுவிட்சை அணைச்சாரு. மெஷின் ரெண்டையும் கழட்டி, துண்டால தொடைச்சு, பெட்டியில வச்சு மூடினாரு. மூடின நிமிஷம் என் போன் கணீர்னு பேச ஆரம்பிச்சுடுச்சு. பிரஷ்ஷாலதான் சரியாச்சுன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறந்தான் ஸ்க்ரீன்ல மேல பாத்தேன், மெஷினோட தொடர்பு துண்டிக்கப்பட்டதுன்னு எழுத்து ஓடுது. அதுவரைக்கும் ஏழு தடவையும் அது அவரு காதுக்குள்ளதான் போயிருக்கு. போன்ல என் குரல் வீடு முழுக்கக் கேக்குது. அவருக்கு மட்டும் கேக்கலை. அவரு கருகின சட்டையைப் பொறுமையா மடிச்சுக்கிட்டு இருந்தாரு.

என்ன பேசியிருந்தேன்னு கேக்காதீங்கன்னு சொல்லலாம், ஆனா சொன்னாத்தான் உதவி கேக்க முடியும். கத்திக் கத்தி என் தொண்டை போச்சு, ஒரு ஆறு மாசம் அண்ணனை நீ கூட்டிட்டுப் போ, இல்லாட்டி ஏதாவது இல்லத்துல சேத்துடறேன்னு சொன்னேன். அதோட விட்டிருக்கலாம். கூடத்து மூலையில பீரோ மாதிரி உக்காந்திருக்காரு, பீரோவாச்சும் துணி வைக்க உதவும்னு சொல்லிட்டு நானே சிரிச்சிருக்கேன். அந்தச் சிரிப்பும் அதுல பதிஞ்சிருக்கு. தங்கச்சி சிரிக்கலை. வாயைக் கழுவுங்கன்னு சொல்லிட்டு, முதல்ல காதுக்கு வைத்தியம் பாருங்கன்னு உங்க விலாசத்தை அனுப்பினா. அப்படித்தான் இங்க வந்தோம்.

வெக்கமா இருக்குங்க. ஒரு பொண்ணு முன்னாடி உக்காந்து இதைச் சொல்றதே வெக்கமா இருக்கு. நாலு நாளா அவரு முகத்தைப் பாக்காம, தட்டைப் பாத்தே சாப்பிடறேன். அவரு எதுவும் மாத்திக்கலை. மறுநாளும் என் சட்டையைத் தேய்ச்சு நாற்காலி மேல போட்டிருந்தாரு. அதைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போக எனக்கு உடம்பு கூசுது.

உதவி என்னன்னா, நீங்க அவரைக் கூப்பிட்டு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டணும். புது மெஷின்ல சில சமயம் அக்கம்பக்கத்து வீட்டுப் போன் பேச்செல்லாம் கலந்து வரும், யாரோ யாரையோ பேசினது காதுல விழுந்திருக்கும், இப்ப சரி பண்ணியாச்சுன்னு. நீங்க சொன்னா நம்புவாரு. நான் சொல்ல முடியாது. மன்னிப்புக் கேக்கலாம்தான், அதுக்கும் அவரு மெஷினை மாட்டணுமே. எழுதிக் காட்டலாம்தான். நாலு நாளா பேப்பரும் பேனாவும் சட்டைப் பையிலயே இருக்கு.

என்னங்க கேட்டீங்க. அது என் குரல்னு அவருக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காதேன்னா? நானும் முதல்ல அதைத்தான் நம்பினேன் மேடம். பதினஞ்சு வருஷமா ஒழுங்காக் கேக்காத குரல், எப்படித் தெரியும்னு. ஆனா மெஷினைக் கழட்டறதுக்கு முன்னாடி என்னைப் பாத்து ஒண்ணு சொன்னாரு. சட்டைக்குக் கத்தினேனே, அதைத்தான் சொல்றாருன்னு நான் காதுல போட்டுக்கலை. உன் குரல் நல்லா முத்திப் போச்சுடா, அப்படியே நம்ம அப்பா பேசற மாதிரி இருக்கு, கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்னாரு.