பதின்மூன்று பாட்டில்கள்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் மீன் விற்றுத் திரும்பும் இரண்டு பெண்கள். ஒன்பது நிறுத்தம் பேசினார்கள்.

"என் பொண்ணு நம்ம முகத்துவாரச் சேத்த எட்த்துகினு ஜெர்மனி போவுதுக்கா. ஆராய்ச்சிக்கு."

"சேத்தையா? கருவாடு குட்த்தனுப்புடி."

"பெட்டியில எடமேது? ஃபுல்லா சேறு."

"பிளேனுக்குத் துட்டு?"

"அவ காலேஜும் அந்தூரு காலேஜும் தோஸ்தாம். புதுசா ஆராய்ச்சி பண்ற பசங்களுக்கு டிக்கெட்டு, தங்கற செலவு எல்லாம் குடுக்கறாங்கோ. ஆனா இன்டர்வியூல கேட்டாங்களாம், வாரா வாரம் இங்க சேறு எடுக்கணுமே, நீ இல்லாத பன்னெண்டு வாரமும் யாரு எடுப்பான்னு. ஒரு வாரம் வுட்டாலும் ஆராய்ச்சி வீணாம்."

"இன்னா சொல்லிச்சு?"

"எங்கம்மான்னு சொல்லிக்கீது. தண்ணி எப்ப வத்தும், எங்க கால் வெச்சா பொதையாதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லிக்கீது. அப்பறந்தான் குட்த்தாங்க."

"அப்ப இனிமே நீயும் ஆபீசரு!"

நெட்டுக்குப்பம் நிறுத்தத்தில் எழுந்தார்கள். அந்தத் தாயின் கூடையில் காலிக் கண்ணாடி பாட்டில்கள். எண்ணினேன், பதின்மூன்று. கணக்கு உதைத்தது. நல்லவேளை, தோழியும் எண்ணியிருந்தாள்.

"பன்னெண்டு வாரத்துக்கு எதுக்குடி பதிமூணு?"

"ஒண்ணு ஒடஞ்சா? என் பேரச் சொல்லிட்டுப் போவுதுக்கா அது."