பின் சக்கரத்துக்கு நான் போட்ட டயர்

டயர் வாங்க வருகிறவர்கள் முதலில் தரையில் படுகிற பட்டனைத்தான் தடவிப் பார்ப்பார்கள். பட்டன் ஆழமாக இருந்தால் திருப்தி. ரப்பருக்கும் வயது உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. வெயிலில் கிடந்த ரப்பர் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், உள்ளே இறுகிப் போயிருக்கும். ஈரத் தரையைப் பிடிக்காது. ஏற்காட்டில் இத்தனை வருடமாக இதைச் சொல்லித்தான் டயர் விற்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. கோவிந்தராஜ் கடை டயரால் விழுந்தேன் என்று யாரும் சொன்னதில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

இளவரசி என் ஒரே மகள். அவள் அம்மா காமாட்சி இறந்த பிறகு நானே வளர்த்தேன். சேலத்தில் காலேஜ் படித்தபோதுகூட ஹாஸ்டலில் விடவில்லை. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தாள். மழை என்றால் குடையோடு ஸ்டாண்டில் போய் நிற்பேன். வசந்த்தை அவளே விரும்பினாள். நான் மறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் என் வீட்டு மாடியில்தான் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவனுக்கு வேலையும் இங்கே ஒரு ரிசார்ட்டில்தான். சம்மதித்தான்.

நல்ல பையன். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு கனத்த பைக் வைத்திருந்தான், அதன் மேல்தான் அவனுக்குப் பைத்தியம். இரண்டு பேர், இரண்டு பக்கமும் பெட்டிகள், எதை ஏற்றினாலும் அசராத வண்டி. லீவு கிடைத்தால் அதில் எங்காவது போய் வருவார்கள். போனாலும் வந்துவிடுவார்கள் அல்லவா, அதனால் எனக்கு வருத்தமில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது, பூனாவில் வேலை கிடைத்திருக்கிறது என்றான்.

"ஏனுங்ப்பா, நீங்களும் எங்ககூட வந்துருங்க" என்றாள் இளவரசி.

"கடைய உட்டுட்டு எங்க சாமி வர்றது?"

"அப்ப லீவுக்கு லீவு நாங்க வந்துர்றோமுங்க மாமா" என்றான் அவன்.

சரி என்றேன். அவன் தட்டில் ரசம் ஊற்றினேன்.

சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு, அவர்கள் பைக்கிலேயே போவதாக முடிவு செய்தார்கள். பின் டயர் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. கடைக்கு வந்தான்.

"நொம்ப தூரம் போறமுங்க மாமா. மழையிலயும் புடிக்கணும், கனமும் தாங்கணும். எதப் போடலாமுங்க?"

அவனுக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன். மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் ஈரத்தில் தரையை விடாது. கெட்டியானது நெடுநாள் உழைக்கும், மழையில் கை கொடுக்காது. எவ்வளவு பாரம் தாங்கும் என்று பக்கவாட்டில் போட்டிருப்பதைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டான்.

"நீங்களே பாத்துப் போட்டுருங்க மாமா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

அவனுக்கு ஏற்ற நல்ல டயர் சேலத்திலிருந்து வந்து உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை. பின்னால் தகரக் கொட்டகைக்கு மேலே அதே அளவில் இன்னொன்று கிடந்தது. யாரோ டூரிஸ்ட் சொல்லி வைத்துவிட்டு வராமல் போனது. பல கோடை அதன் மேல் காய்ந்திருந்தது. இறக்கிக் கழுவி, பாலிஷ் போட்டேன். தயாரித்த வருடம் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன்.

பக்கத்து ஸ்பேர்ஸ் கடை சாதிக் பாஷா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இது கொட்டாய் மேல கெடந்த டயருங்களே?"

"இல்லீங்க பாய். இது நேத்து வந்தது."

டயரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உங்களிடம் சொன்னது அவராகத்தான் இருக்கும். எனக்குக் கோபமில்லை. பொய் பேசத் தெரியாத மனிதர்.

வசந்த் வண்டியை எடுக்க வந்தபோது, "புது டயரு மொத நாளு லேசா வழுக்கற மாதிரித்தான் இருக்குமுங்க மாப்ள. பயந்துக்காதீங்க, ஓட ஓட சரியாயிரும்" என்றேன். புது டயருக்கு அது உண்மையும்கூட. மலையின் மேல் வளைவுகளிலேயே வண்டி வழுக்கினால் அவன் சந்தேகப்பட்டுத் திரும்பி வந்துவிடக்கூடாது, அதற்காகச் சொன்னேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஒரு கால் உடைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கால் கூடும்வரை பூனாக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

கிளம்பின அன்று தூறல். வசந்த்தே சொன்னான்: "இளவரசி, நீ பஸ்ல மலையெறங்கிரு. அடிவாரத்துல உன்ன ஏத்திக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "பஸ்ல போகட்டுங்களாப்பா?"

எதிரே பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. நான் யோசித்தேன். அவன் மட்டும் விழுந்தால், ஓமலூரிலிருந்து அவன் அம்மா வந்து அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவாள். இளவரசியும் கூடவே போய்விடுவாள். அவளை நானே கொண்டுபோய் விட்ட மாதிரி ஆகிவிடும்.

"எதுக்குக் கண்ணு? மாப்ள பதனமாத்தான ஓட்டறாரு. வண்டியிலயே போ" என்றேன்.

அவள் ஹெல்மெட் வாரை நானே மாட்டிவிட்டேன். தளர்ந்திருந்தது, இழுத்து இறுக்கினேன்.

பாதி மலை இறங்குவதற்குள் ஒரு வளைவில் பின் சக்கரம் நழுவியது. வசந்த் தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அளவுக்குக்கூட உயிர் இல்லை. இளவரசியின் முதுகு சுவரில் மோதியது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இனி வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

காரியம் முடிந்ததும் அவன் அம்மா வந்தாள். "எம்பையன்தான் போயிட்டானுங்க. இவளையாச்சும் நான் வெச்சுப் பாத்துக்கறனுங்க சம்பந்தி" என்று அழுதாள். இளவரசியும் அவள் கையை விடாமல், "என்னய அத்தகூட அனுப்பிருங்ப்பா" என்றாள். அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தம்மாவை பஸ் ஏற்றி அனுப்பிவைத்தேன். சாதிக் பாஷா ஒரு சக்கர நாற்காலி கொண்டுவந்தார். இந்தச் சரிவில் அது ஆபத்து என்று திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது அவள் உள் அறையில் இருக்கிறாள். கஞ்சி ஊட்ட, தலை வாரிவிட, எல்லாம் நான்தான். நான் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வலி இருக்கும் அல்லவா.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அவளும் விழ வேண்டும் என்றுதான் அந்த பஸ்ஸை விடச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அம்மா. ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் அவள் அறையைப் பூட்டிவிட்டு வருகிறேன், சாவி என்னிடமே இருக்கட்டும். யாராவது வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், பாவம், நான் இல்லாத இடத்தில் பிள்ளை பயந்துபோவாள்.