நிகர எடை ஐம்பது கிலோ

மதுமதி: அசையாம நில்லு சௌந்தர்யா. லாரி நிறுக்கற மேடைடி இது. நீ ஆடுனா நம்பரும் ஆடுது.

சௌந்தர்யா: மூச்சக்கூட உடலடி... எவ்வளவு?

மதுமதி: அறுபது.

சௌந்தர்யா: அறுபதா! ஊட்டு மெஷின்ல அம்பத்தாறுதான...

மதுமதி: இது பத்துப் பத்தாத்தான் காட்டும். அம்பத்தாறுன்னா அறுபது. அம்பத்திநாலுன்னா அம்பது.

சௌந்தர்யா: செருப்பக் கழட்டுனா ரெண்டு கிலோ கொறையாதா?

மதுமதி: செருப்பா, லாரி டயரா?

அங்கமுத்து: ஏனுங் அம்மிணி, வண்டிய ஏத்தலாமுங்களா? மக்காச்சோளத்த எறக்கிப்போட்டு, காலி எடைக்கு அரைமணியா நிக்கறனுங்க.

மதுமதி: ஒரு நிமிசமுங்ணா. இவ எளைச்சதுக்குச் சீட்டு வேணுமாம்.

சௌந்தர்யா: முப்பது நாள்ல அம்பதுக்கு வாரேன்னு இன்ஸ்டாவுல சொல்லிப்போட்டனுங்ணா. இன்னிக்குக் கடைசி நாள்.

அங்கமுத்து: அவ்வளவுதானுங்களா? வண்டிய ஒருக்கா நிறுங்க. அம்மிணி பின்னால ஏறி ஒருக்கா நிறுங்க. கழிச்சா நிகர எடை. சரக்குக்கெல்லாம் அப்படித்தானுங்களே.

மதுமதி: ...காலி வண்டி எட்டாயிரத்து இருநூத்தி நாப்பது. ஏறுடி... ம்ம்... எட்டாயிரத்து இருநூத்தித் தொண்ணூறு.

சௌந்தர்யா: அம்பது! அம்பதுடி!

அங்கமுத்து: லாரின்னா ஆறு கிலோ முழுங்கத்தானுங்க செய்யும்.

மதுமதி: இந்தா சீட்டு. சரக்குங்கற கட்டத்தக் காலியா உட்டா அச்சடிக்காது. மக்காச்சோளம்னு போட்டிருக்குது.

சௌந்தர்யா: இருக்கட்டும். பீப்பாய், பீப்பாய்னு கமெண்ட் போடறதே ஒண்ணு, 'நாகம் நாப்பத்தேழு'ங்கற ஐடி... அதுக்கு இதுதான் பதில்.

மதுமதி: அந்த நாகத்தோடதான் ஒரு மாசமா மல்லுக்கட்டறேன்.

சௌந்தர்யா: நீயா?

மதுமதி: 'மேச்சேரிக் கெடா'ங்கற ஐடி நாந்தான்டி. சொன்னாக் கூச்சப்படுவீன்னு சொல்லல. நேத்துக்கூட எழுதுனேன், அவ நல்லாத்தான் இருக்கறா, உனக்கு என்னடா நோவுதுன்னு.

சௌந்தர்யா: அந்தக் கெடா... நீயாடி?

மதுமதி: என்னடி, மறுபடியும் மூச்ச அடக்கறயா?

அங்கமுத்து: ஆருங்க அம்மிணி அந்த நாகம்? ஊரச் சொல்லுங்க. லோடு எறக்கற சாக்குல போயி நாலு கேள்வி கேட்டுப்போட்டு வந்தர்றேன்.

சௌந்தர்யா: வேண்டாமுங்ணா... அது நாந்தானுங்க. கண்ணாடியப் பாத்து என்னைய நானே சொல்றதத்தான் அங்க எழுதுனேன். ஒருத்தராச்சும் இல்லைன்னு சொல்றாங்களான்னு பாக்கறதுக்கு... மேச்சேரிக் கெடா மட்டுந்தானுங்க சொல்லுச்சு.